வந்த அன்றே ‘டிக்’ போட்டால் குழந்தையைத் தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில், வீட்டில் வைத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நம் சமூகத்துப் பெண்களும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். 2024ல் அறிவிக்கப்பட்ட குழந்தைப் பராமரிப்பாளர் முன்னோடித் திட்டம் 2 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கானது. அதில் சேர்ந்தவர்களுக்கும் சரி, உரிமம் பெற்ற நிலையங்களில் கைக்குழந்தைப் பிரிவில் இருப்பவர்களுக்கும் சரி, ஒரு பயம் பொதுவாக இருக்கிறது. பார்வையிட ஆள் வரும் நாளில், புதிதாகச் சேர்ந்த குழந்தையின் வளர்ச்சிப் பதிவு வெறுந்தாளாக இருந்தால் என்ன பதில் சொல்வது? அந்தப் பயத்தில் நடக்கும் ஒரு தவறைப் பற்றியும், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதைப் பற்றியும் எழுதுகிறோம். பிள்ளையை அனுப்பும் பெற்றோரும் படித்தால் நல்லது.

தவறு இதுதான்: திங்கட்கிழமை காலை குழந்தை வருகிறது, மாலைக்குள் வளர்ச்சிப் பட்டியல் முழுவதும் ‘டிக்’ போட்டு முடிக்கப்படுகிறது. புது வீடு, புது முகம், புது வாசனை. எட்டு, ஒன்பது மாதக் குழந்தை என்றால் அந்நியரைக் கண்டு அழும் பருவமும் அதுதான். வீட்டில் நாள் முழுக்க மழலை பேசுகிற பிள்ளை அன்று வாயே திறக்காது. தனியாக உட்காரத் தெரிந்த பிள்ளை மடியை விட்டு இறங்காது. பட்டியலில் பாதி காலியாகி, ‘தாமதம்’ என்று ஒரு சொல் ஏட்டில் ஏறிவிடும். சிலர் இதற்கு நேர்மாறு. எதற்கு வம்பு என்று எல்லாவற்றுக்கும் ‘டிக்’ போட்டுவிடுவார்கள். எங்கள் கணிப்பில் இரண்டாவதுதான் மோசம். தாமதம் என்று எழுதினால் யாராவது மறுபடியும் பார்ப்பார்கள். எல்லாம் சரி என்று எழுதிவிட்டால் யார் பார்க்கப்போகிறார்கள்?

வேலை, குழந்தை வருவதற்கு முன்பே தொடங்க வேண்டும். சேரும் வாரத்துக்கு முந்திய வாரம் பெற்றோரை வரச்சொல்லி, குழந்தை மடியில் இருக்க, முக்கால் மணி நேரம் பேசுங்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்கப்படும் சுகாதாரக் கையேட்டைக் கேட்டு வாங்கித் திறந்து பாருங்கள். பல பராமரிப்பாளர்கள் தடுப்பூசிப் பக்கத்தோடு மூடிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, பிறப்பு எடை என்ன, பிறந்தவுடன் மருத்துவமனையில் செய்த செவிப்புலன் சோதனையின் முடிவு என்ன, கடைசி வளர்ச்சிப் பரிசோதனை எப்போது நடந்தது? பரிசோதனைக்குரிய வயதுகள் கையேட்டிலேயே இருக்கின்றன: 4 முதல் 8 வாரம், 3 முதல் 5 மாதம், 6 முதல் 12 மாதம், 15 முதல் 22 மாதம் என்று போகும். ஒன்று விடுபட்டிருந்தால் பெற்றோரிடம் அப்போதே சொல்லிவிடலாம்.

பிறந்த வாரம் ஏன் முக்கியம் என்றால், குறைமாதக் குழந்தைக்கு வயதைத் திருத்திக் கணக்கிட வேண்டும். 32 வாரத்தில் பிறந்த குழந்தை 40 வாரத்துக்கு 8 வாரம் முன்னதாக வந்துவிட்டது. அதற்கு இன்று 9 மாதம் என்றால், வளர்ச்சியை ஏறத்தாழ 7 மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டு வயது வரை இந்தக் கழித்தலைச் செய்வது வழக்கம். தடுப்பூசிக்கு மட்டும் இது பொருந்தாது, அது பிறந்த தேதிப்படிதான். இந்தச் சின்னக் கணக்கைப் போடாததால் வீணாகப் பயந்த பெற்றோர் உண்டு.

அடுத்தது வீட்டு நிலவரம். பகலில் குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள்? பாட்டியா, இல்லப் பணிப்பெண்ணா? எந்த மொழி அதிகம் காதில் விழுந்தது? தூளியில் தூங்கிப் பழகிய குழந்தையா, கட்டிலில் மல்லாந்து தூங்கும் குழந்தையா? இது வளர்ச்சியோடு சம்பந்தமில்லாத கேள்வி போலத் தோன்றும். ஆனால் சாரோங் தூளியில் ஆடித் தூங்கிய பிள்ளைக்கு அசையாத மெத்தையில் முதல் வாரம் தூக்கமே வராது. தூக்கம் கெட்ட குழந்தை எதையும் செய்யாது. அதைப் பார்த்துவிட்டு ‘ஆர்வம் இல்லை’ என்று எழுதுவது நியாயமா? நடைவண்டியில் எவ்வளவு நேரம் இருந்தது என்றும் கேளுங்கள். சக்கரம் வைத்த நடைவண்டி நடக்கப் பழக்கும் என்று இன்னும் பல வீடுகளில் நம்புகிறார்கள். அது நடையைத் தள்ளிப்போடும், படிக்கட்டில் விழவும் வைக்கும். திரை நேரத்தையும் கேட்கத்தான் வேண்டும். 18 மாதம் வரை திரையே வேண்டாம், பின்னணியில் ஓடவிடவும் வேண்டாம் என்பது சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல். கேட்கும்போது குற்றம் சாட்டும் தொனி வந்தால் உண்மை வராது. “சாப்பிடும்போது போன் வெச்சாத்தான் சாப்பிடுறானா?” என்று சாதாரணமாகக் கேட்டால் தாய் தானே சொல்லிவிடுவார்.

கேட்கும் விதத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. “பேசுவானா?” என்று கேட்டால் “நல்லாப் பேசுவான் அக்கா” என்ற பதில்தான் வரும். “நேத்து என்னென்ன சொன்னான்? தண்ணி வேணும்னா எப்படிக் கேப்பான்? அப்பா வேலைக்குக் கிளம்பினா என்ன செய்வான்?” என்று கேளுங்கள். வாய்விட்டுக் கேட்கிறானா, கையை நீட்டி அழுகிறானா, பாட்டில் இருக்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறானா என்பதெல்லாம் அந்தப் பதிலில் வந்துவிடும்.

குழந்தை வந்த முதல் வாரம் பராமரிப்புக் குறிப்பு மட்டும் போதும்: எத்தனை மில்லிலிட்டர் பால், எவ்வளவு நேரத் தூக்கம், எப்போது அழுதது, எதனால் அடங்கியது. இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்து எழுதுங்கள். தூங்கி எழுந்து வயிறு நிறைந்திருக்கும் நேரம் நல்லது. ஆனால் எப்போதும் அதே நேரமாக இருக்க வேண்டாம். ஒரு நாள் தரையில், ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், ஒரு நாள் கீழே புளோக்கடியில். கை, கால், வாய்ப்புண் நோயோ சளிக்காய்ச்சலோ வந்து ஒரு வாரம் லீவு போட்டால், திரும்பி வந்த பிறகு மீண்டும் இரண்டு மூன்று நாள் விட்டுத்தான் தொடர வேண்டும். அப்படிப் பார்த்தால் முதல் மதிப்பீட்டை எழுத நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதில் தவறே இல்லை. அதுவரை ஏடு காலியாக இருக்காது, தேதியிட்ட குறிப்புகள் இருக்கும்.

குறிப்பு எப்படி இருக்க வேண்டும்? ‘சுறுசுறுப்பான குழந்தை, நன்றாக விளையாடுகிறான்’ என்பது குறிப்பு அல்ல, பாராட்டு. 13 மாதக் குழந்தையைப் பற்றி இப்படி எழுதலாம்: “காலை 10.20. எவர்சில்வர் டம்ளருக்குள் மரக்கரண்டியைப் போட்டான், எடுத்தான், நான்கு தடவை. கரண்டி சோபாவுக்கு அடியில் உருண்டது. ஒரு கையை ஊன்றிக் குனிந்து பார்த்தான். எட்டவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, ஆள்காட்டி விரலைச் சோபாவை நோக்கி நீட்டி ‘ஆ’ என்றான். எடுத்துக் கொடுத்ததும் சிரித்துவிட்டு மறுபடி டம்ளரில் போட்டான்.” இதில் எத்தனை விஷயம் இருக்கிறது பாருங்கள். பிடித்த பொருளை வேண்டிய இடத்தில் விடத் தெரிகிறது. கண்ணுக்கு மறைந்தாலும் பொருள் இருக்கிறது என்று தெரிகிறது. ஒரு கையை ஊன்றிச் சமநிலை காக்க முடிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பொருளையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து விரலால் காட்டி உதவி கேட்கிறான். அந்த விரல் நீட்டலைப் பேச்சுக்கு முந்திய பேச்சு என்றே சொல்லலாம். பத்து ‘டிக்’ சொல்லாததை ஐந்து வரி சொல்லிவிடுகிறது.

அதே நேரத்தில் “மூக்கு எங்கே? காது எங்கே?” என்று பரீட்சை வைப்பதைத் தவிர்க்க வேண்டும். கேட்டுப் பழக்கிய குழந்தை காட்டும், பழக்காத குழந்தை முழிக்கும். இரண்டிலிருந்தும் அறிவு வளர்ச்சி பற்றிப் பெரிதாக எதுவும் தெரிந்துவிடாது. விரல் நுனியால் எடுக்க முடிகிறதா என்று பார்க்கப் பரிசோதனைப் பொருள் எதுவும் தேவையில்லை. தட்டில் இட்லியைப் பொடிப் பொடியாகப் பிட்டுப் போட்டால் போதும். உள்ளங்கையால் வாரி எடுக்கிறதா, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளி எடுக்கின்றனவா என்று தெரியும். 9 முதல் 12 மாதத்துக்குள் இரண்டாவது வகைப் பிடி வந்துவிடும்.

மொழியில்தான் நம் பிள்ளைகளுக்கு அதிக அநியாயம் நடக்கிறது. நிலையத்தில் ஆங்கிலத்திலோ மாண்டரினிலோ பேசுகிறார்கள், குழந்தை வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்திருக்கிறது, பணிப்பெண்ணிடமிருந்து நாலு இந்தோனீசியச் சொல்லும் கற்றிருக்கிறது. ஆங்கிலச் சொற்களை மட்டும் எண்ணினால் நாலு வரும், எல்லா மொழியையும் சேர்த்து எண்ணினால் பதினெட்டு வரும். சேர்த்து எண்ணுவதுதான் சரியான முறை. ‘மம்மு’, ‘தாச்சி’, ‘டாட்டா’ போன்ற குழந்தைச் சொற்களும் கணக்கில் சேரும், ஒரே பொருளுக்கு ஒரே மாதிரி, தானாகவே சொன்னால். இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்க்கிறதா என்று பார்க்கும்போது ‘பஸ் போச்சு’ என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும், மொழி கலந்திருக்கிறது என்று தள்ளக்கூடாது. இன்னொன்று, தமிழ் வினைச்சொல் ஒன்றே செயலையும் ஆளையும் காலத்தையும் சுமக்கும். ‘போயிட்டான்’ என்ற பிள்ளை ஒரு சொல்தான் சொன்னது என்று ஆங்கிலக் கணக்கில் எழுதினால் அதன் திறமையில் பாதி காணாமல் போகும்.

தமிழ் தெரியாத ஆசிரியர் என்ன செய்வது? பெற்றோரிடம் ஒரு தாள் கொடுத்து, ஒரு வாரத்துக்குக் குழந்தை சொல்லும் சொற்களை, எப்போது சொன்னது என்பதோடு எழுதித் தரச் சொல்லலாம். நிலையத்தில் தமிழ் பேசும் சக ஊழியர் இருந்தால் பத்து நிமிடம் உட்கார்ந்து விளையாடச் சொல்லலாம். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இருமொழி என்பதைச் சாக்காக வைத்து உண்மையான தாமதத்தை மூடி மறைப்பதும் நடக்கிறது. இரண்டு மொழி கேட்பதால் மட்டும் பிள்ளை பேசாமல் இருந்துவிடாது. எந்த மொழியிலுமே சொல் இல்லை, சைகையும் இல்லை என்றால் அது வேறு விஷயம்.

உட்காருவது, நடப்பது பற்றி நீட்ட வேண்டியதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் துணையின்றி உட்காருவது 3.8 முதல் 9.2 மாதம் வரை, தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதம் வரை விரிந்திருக்கிறது. அதே ஆய்வில் 4.3 விழுக்காட்டுக் குழந்தைகள் கையையும் முட்டியையும் ஊன்றித் தவழவே இல்லை. ஆகவே ‘தவழவில்லை’ என்பது மட்டுமே அபாயக் குறியாகாது. நம் சுகாதாரக் கையேட்டில் ஒவ்வொரு திறனுக்கும் எதிரே 90 விழுக்காட்டுக் குழந்தைகள் அதை எட்டும் வயது கொடுக்கப்பட்டிருக்கிறது. அது சராசரி வயது அல்ல, ஏறக்குறைய எல்லாரும் செய்துவிடும் வயது. அதைத் தாண்டியும் வரவில்லை என்றால் கேட்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்னால் பதற வேண்டியதில்லை.

நான்கு வாரம் காத்திருங்கள் என்று சொன்னோமே, காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. முன்பு செய்ததைக் குழந்தை இழப்பது, எந்த வயதிலும். சொன்ன சொல்லை விட்டுவிடுவது, டாட்டா காட்டி வந்த பிள்ளை காட்டாமல் போவது. பலத்த சத்தத்துக்குத் திரும்பாமை. ஒரு பக்கக் கையை மட்டுமே பயன்படுத்துவது. 18 மாதத்துக்கு முன் திட்டமாக வலக்கையோ இடக்கையோ மட்டும் வந்தால் ‘இடக்கைப் பழக்கம் போல’ என்று விட்டுவிடாமல், மறு கை பலவீனமா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். 12 மாதத்தில் மழலையும் இல்லை, விரலால் காட்டுவதோ டாட்டா காட்டுவதோ இல்லை என்றாலும், 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை என்றாலும், 24 மாதத்தில் தானாகச் சேர்த்துச் சொல்லும் இரு சொல் இல்லை என்றாலும், அன்றே பெற்றோரிடம் பேச வேண்டும்.

மதிப்பீட்டைத் தொகுத்து எழுத ஒரு பக்கம் போதும். பெற்றோர் சொன்னது, கையேட்டில் இருப்பது, நான் கண்ணால் பார்த்தது என்று மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றையும் கலப்பதுதான் பதிவுகளில் அதிகம் காணப்படும் கோளாறு. தாய் ‘நடக்கிறான்’ என்கிறார், நீங்கள் பார்த்தது சோபாவைப் பிடித்து நகர்வது. இரண்டையும் எழுதுங்கள். முரண்பாடு இருப்பது குற்றமல்ல, அடுத்து என்ன பார்க்க வேண்டும் என்று அதுவே சொல்லும். கீழே அடுத்த படி, ஒன்றோ இரண்டோ. ‘உடல் வளர்ச்சியை ஊக்குவித்தல்’ என்று எழுதினால் யாரும் எதையும் செய்யப்போவதில்லை. ‘விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட்டு, ஒரு தடவைக்கு 3 முதல் 5 நிமிடம், நாள் முழுவதும் சேர்த்து 30 நிமிடம், முன்னால் கண்ணாடி வைத்து, தூங்கும்போது மல்லாக்க மட்டும்’ என்று எழுதினால் உதவிக்கு வரும் ஆள்கூடச் செய்யலாம். மறுபடி பார்க்கும் தேதியையும் போட்டுவிடுங்கள்.

இப்போது பார்வையிட வருபவர் பற்றி. 2019 ஜனவரி 2 முதல் நடப்பில் இருக்கும் பாலர் பருவ மேம்பாட்டு நிலையங்கள் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற இடங்களுக்கு அதிகாரிகள் முன்னறிவிப்பின்றியும் வருவார்கள். 18 மாதம் வரை ஐந்து குழந்தைக்கு ஒருவர், அதற்கு மேல் 30 மாதம் வரை எட்டுக்கு ஒருவர் என்ற விகிதம், பாதுகாப்பு, சுத்தம், பதிவேடு எல்லாம் பார்க்கப்படும். ஆனால் மூன்று குழந்தைகளின் ஏட்டிலும் ‘அடுத்த படி’ எழுத்து மாறாமல் ஒன்றாக இருந்தாலோ, ஆறு வாரக் குறிப்பு முழுவதும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தாலோ, அனுபவசாலிக்குப் பக்கத்தைப் புரட்டும்போதே தெரிந்துவிடும். முந்தின ராத்திரி உட்கார்ந்து எழுதிய குறிப்பு அது. “இந்தக் குழந்தைக்கு நீங்கள் எதை மாற்றிச் செய்தீர்கள்?” என்று கேட்டால் அப்போது பதில் வராது. நாலு வாரமே ஆன குழந்தையின் ஏட்டில் பெற்றோருடன் பேசிய குறிப்பும் தேதியிட்ட ஏழெட்டுப் பார்வைகளும் இருந்து, ‘முழு மதிப்பீடு வரும் 18ஆம் தேதி’ என்று எழுதியிருந்தால் அது பலவீனம் அல்ல. 3 வயதுக்கு உட்பட்டோருக்காக 2011ல் வந்து 2023ல் புதுப்பிக்கப்பட்ட அரசின் வளர்ச்சிக் கட்டமைப்பு என்ற வழிகாட்டியும் குடும்பத்தின் பங்கை ஒரு தூணாகவே வைத்திருக்கிறது.

படம் எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. குறிப்பு எழுத நேரமில்லாமல் நாற்பது படம் எடுத்து வைப்பதால் பயனில்லை. எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். மற்றப் பெற்றோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குழந்தையின் வளர்ச்சி விவரத்தைப் போடவே கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அது அந்தக் குடும்பத்தின் மானப் பிரச்சினை.

சந்தேகம் வந்தால் பெற்றோரிடம் எப்படிச் சொல்வது? மாலையில் லிஃப்ட் வாசலில், பக்கத்து வீட்டார் கேட்க, நிச்சயமாக வேண்டாம். தனியாக நேரம் கேட்டு, இருவரையும் வரச்சொல்லுங்கள். நோயின் பெயரைச் சொல்வது நம் வேலை அல்ல. “மூணு வாரமாப் பார்த்தேங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டா பத்துல ரெண்டு தடவைதான் திரும்புறான். வீட்ல எப்படி?” என்று கண்டதை மட்டும் சொல்லி, கேள்வியோடு நிறுத்துங்கள். “ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசுவான், அவங்க அப்பாவும் அப்படித்தான்” என்று பாட்டி சொல்வார். வாதாட வேண்டாம். இருக்கலாம் பாட்டி, ஆனால் காது நன்றாகக் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துவிடலாமே என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அடுத்து பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போகலாம். மருத்துவர் தேவை என்று கருதினால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கோ அனுப்புவார். பலதுறை மருந்தகப் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். தேவைப்படும் பிள்ளைகளுக்கு 7 வயதுக்குள் ஆரம்பகால இடையீட்டுத் திட்டம், அதாவது சிறு வயதிலேயே சிகிச்சையும் பயிற்சியும் தரும் திட்டம், இருக்கிறது. மருத்துவரிடம் போகும்போது உங்கள் தேதியிட்ட குறிப்பின் நகலைப் பெற்றோர் கையில் கொடுத்தனுப்புங்கள். கால் மணி நேரச் சந்திப்பில் மருத்துவர் பார்க்க முடியாததை நீங்கள் நாள் கணக்கில் பார்த்திருக்கிறீர்கள்.

பயிற்சி தரும் அமைப்புகளிடம் ஒரு கோரிக்கை. பெற்றோரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு பக்கத்தில் தமிழிலும் அச்சிட்டுக் கொடுங்கள். ஆங்கிலப் படிவத்தைத் தந்தால் பகலெல்லாம் பேரனோடு இருக்கும் பாட்டி அதைத் தொடுவதில்லை, இரவில் வந்து நிரப்பும் தகப்பனுக்குப் பாதி தெரிவதில்லை. அதுவரை, உங்கள் நாளிதழின் குடும்பப் பக்கத்தில் இந்தக் கேள்விகளை வெளியிட முடிந்தால், வெட்டி எடுத்துக் கையேட்டுக்குள் வைத்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
கைக்குழந்தைப் பராமரிப்புப் பணியில் இருக்கும் வாசகர்கள்,
ஈசூன்